செவ்வாய்க்கிழமை நர்ஸ்

அன்புள்ள மகளுக்கு,

தனியாக இருக்கும் முதியவர்களுக்காக, நர்ஸான நீயே வகுத்த திட்டம் ஒழுங்காக நடக்கிறது. செவ்வாய்தோறும் உங்கள் ஆஸ்பத்திரிப் பெண் வந்தாள். வந்ததும் கை கழுவுவாள். உன் பயிற்சி தெரிந்தது.

போன மாதம் என்னைச் சோதித்தாள். உன் அப்பாவின் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழச் சொன்னாள். எழுந்தேன். காலையிலிருந்தே ஒத்திகை பார்த்திருந்தேன். மாத்திரைகளின் பெயர்களையும் தடுமாறாமல் ஒப்பித்தேன்.

"என்னைவிட நீங்கதாம்மா தெம்பா இருக்கீங்க. இனி நான் வர வேண்டியதில்ல. முடியாதவங்க நிறையப் பேர் காத்திருக்காங்க," என்றாள்.

"தாராளமா போம்மா. நான் என்ன படுத்தா கிடக்கேன்?" என்றேன்.

தெம்பாக இருப்பவர்களை விட்டு முடியாதவர்களிடம் போகச் சொல்லும் உன் விதி நியாயமானது. குறை சொல்ல எழுதவில்லை. ஆனால் எழுந்து நிற்க முடிகிறதா என்று கேட்பவர்கள், நேற்று யாருடன் பேசினீர்கள் என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியையும் சேர்த்துக்கொள். மற்றவர்களுக்கு உதவும்.

செவ்வாய்க்கிழமைகளில் இன்னும் வாசல் கதவைத் தாழிடுவதில்லை, பழக்கதோஷம்.

மறுபடி சோதிக்க யாரையாவது அனுப்புவதாக இருந்தால் அனுப்பு. இந்த முறை கையை ஊன்றியே எழுந்திருக்கிறேன்.

நலமாகவே இருக்கும்,
உன் அம்மா