துரை என்னும் செம்மறிக்கிடாவைத் திருப்பித் தருமாறு

அனுப்புநர்:
நீலாவதி, க/பெ தர்மேந்திரன்,
மேட்டு லயம், செரோஜா தோட்டம்,
லிங்கி, நெகிரி செம்பிலான்.

பெறுநர்:
தலைமை அதிகாரி,
ஆட்டிறைச்சித் தர ஆய்வுக்கூடம்,
போர்டிக்சன்.

பொருள்: எக்ஸ்ரே எடுக்க ஒப்படைத்த கிடாவை வெட்டாமல் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு அடியில் செம்மறி மேய்த்துப் பிழைப்பவள் நான். ஆடு உயிரோடு இருக்கும்போதே எக்ஸ்ரே எடுத்து, கறி எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று கண்டறிவதற்கு நல்ல கிடா வேண்டுமெனத் தங்கள் பணியாளர்கள் கேட்டார்கள். துரையைக் கொடுத்தேன். காலை மூட்டத்தில், தோட்டத்து மேலாளரான துரை மரவரிசைகளைப் பார்வையிடுவதுபோல் மெதுவாக நடப்பான். அதனால் அந்தப் பெயர்.

2. படம் சொன்னது சரிதானா என்று பிறகு வெட்டியும் பார்ப்பார்களாம். அதை அவர்கள் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. என் கணவரை எக்ஸ்ரே எடுக்க அழைத்துப் போனபோது, எடுத்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு வீட்டுக்கு வந்தார். ஆட்டுக்கும் அப்படித்தான் என்று நம்பிவிட்டேன்.

3. அவருடைய படத்தில் நுரையீரலில் ஒரு நிழல் இருந்தது. அப்போதுதான் துரையை முனியாண்டிக்கு நேர்ந்துகொண்டேன். நிழல் மறைந்தது. திருவிழாவில் துரைமீது மஞ்சள் தண்ணீர் தெளித்தோம். ஆடு உடம்பைச் சிலிர்த்தால்தான் சம்மதம். அதன்பிறகே வெட்டுவது எங்கள் வழக்கம். எத்தனை முறை தெளித்தும் அவன் சிலிர்க்கவில்லை. எங்கோ பெய்யும் மழையைக் கேட்பவன்போல் நின்றான். “சாமிக்கு வேணாமாம்லா, வூட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றார் பூசாரி.

4. தங்கள் கூடத்தில் பணிபுரியும் ஷாமினி, துரையின் படத்தைத் திரையில் காட்டி, “அக்கா, நம்பர் வன் கறிலா இது!” என்று மகிழ்ந்தார். அந்தப் பெண்மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் என் கண்ணில் கறி படவில்லை. இருட்டில் வெள்ளை விலா எலும்புகள். நடுவே விடியற்காலைத் தோட்டம்போல் மங்கலான நுரையீரல். என் கணவரின் நிழல் அதற்குள் வந்திருக்குமோ என்று தேடினேன். இல்லை. அன்றிலிருந்து கனவில் அந்த எலும்புகள் மரங்களுக்கிடையே மெதுவாக நடந்து போகின்றன. நான் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன், திரும்பிப் பார்ப்பதில்லை. விழித்ததும் எழுந்துபோய் அவனைக் கட்டியிருந்த இடத்தைப் பார்க்கிறேன், ஐயா.

5. வரும் புதன்கிழமை வெட்டப்போவதாகச் சொல்கிறார்கள். ஈடாக வேறு இரண்டு கிடாக்கள் தருகிறேன். அவை யாருக்கும் நேர்ந்துவிட்டவை அல்ல. துரையை விட்டுவிடுங்கள். விதி இடம் தராதெனில், கத்தியை எடுக்கும் முன் அவன்மீது தண்ணீர் தெளித்துச் சற்றுப் பொறுத்துப் பாருங்கள். அவன் சிலிர்த்தால் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

புதன் காலை தண்ணீர்ச் செம்போடு தங்கள் வாசலில் நிற்பேன். அவனைக் கூட்டிவரக் கயிறும் கொண்டு வருவேன்.

தங்கள் இரக்கத்தை நம்பியிருக்கும்,
நீலாவதி

இடம்: லிங்கி
நாள்: 14.7.2025