பேய் இல்லாத கதை

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

நீங்கள் அனுப்பிய மெசேஜுக்கு உடனே பதில் போட முடியவில்லை. வருஷா வருஷம் எங்கள் பதிப்பகம் போடும் திகில் கதைத் தொகுப்புக்குக் கதை படித்துப் படித்துக் கண்ணெல்லாம் எரிகிறது.

பஸ்ஸில்தான் படிக்கிறேன். தல்லாகுளத்தில் ஏறினால், எந்தக் கதை என்னை ஆனையூரில் இறங்க மறக்க வைக்கிறதோ அதை எடுத்துக்கொள்வேன். இந்த வருஷமும் புளியமரம், கொலுசு, வெள்ளைச் சேலை எல்லாம் வந்தன. நானும் தினமும் சரியாக இறங்கி, வீட்டுக்கு வந்து உலை வைத்தேன்.

நேற்றுப் படித்தது திருமங்கலத்துப் பெண் ஒருத்தி எழுதியது. சாயங்காலம், வாசல் பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்கிறது. பிள்ளைகள் டிவியை அணைத்துவிட்டுப் புத்தகத்தை விரிக்கிறார்கள். அம்மா அடுப்படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கதவு திறப்பதற்குள் கதை முடிந்துவிடுகிறது.

"அக்கா, கடைசி ஸ்டாப்பு வந்துருச்சு. எறங்கலையா?" என்று கண்டக்டர் சீட்டைத் தட்டினார்.

"இதுல பேயே இல்லையேக்கா" என்கிறாள், என்னோடு வேலை பார்க்கும் பவதாரிணி. நான் அதையே முதல் கதையாக வைத்துவிட்டேன்.

திரும்பி வரட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். பிள்ளைகளைப் பார்க்க வாருங்கள். பூட்டை மாற்ற எனக்குத் தெம்பில்லை. சாவி உங்களிடமே இருக்கட்டும். ஆனால் பெல் அடியுங்கள். நான் வந்து திறக்கிறேன்.

அவர்களுடைய அம்மா