ஆறு மணி வாளி

நவம்பர் 6
சாயங்காலம் ஓடையைத் தாண்டி இந்தக் கரையில் கூடாரம் போட்டோம். வண்டி தாண்டும்போது முழங்காலளவு தண்ணீர்தான். பால்பண்ணையை விட்டுப் பத்தொன்பது வருடத்தில் முதல் விடுமுறை. மாடுகளை என் புருஷன் பெவனின் தம்பி கெல்வின் பார்த்துக்கொள்கிறான். 14ஆம் தேதி போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறோம். ஆஸ்திரேலியாவின் தென்கோடி விக்டோரியாவிலிருந்து இத்தனை தூரம் வடக்கே வந்தும் பெவன் கறவை நேரமான ஐந்தரைக்கு எழுந்து உட்கார்ந்துகொள்கிறான். மாடே இல்லாத காட்டில்!

நவம்பர் 8
நேற்று முழுக்க மழை. காலை ஆறு மணிக்குப் பெவன் வாளியோடு போய்த் தண்ணீர் எடுத்துவந்தான். ஓடை மார்பளவு ஏறிவிட்டதாம். சாலை அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். சிக்னல் கிடையாது. "ரெண்டு நாள்ல வடிஞ்சிரும், விடு" என்கிறான். ஒரு வாலபி, குட்டைக் கங்காரு, வந்து ரொட்டியை முகர்ந்துவிட்டு வேண்டாமென்று போனது. "அதுக்கே பிடிக்கல" என்று டாம்சின் சிரித்தாள். எங்கள் பதினைந்து வயது மகள், இந்தப் பயணத்தில் சிரித்தது இதுதான் முதல் தடவை.

நவம்பர் 9
வடியவில்லை. ஆறு மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்.

நவம்பர் 10
பண்ணையில் அடைந்து கிடந்தேன். இங்கே வந்து கூடாரத்தில் அடைந்து கிடக்கிறேன். காலை ஆறு மணி — அதே வாளி, அதே வெள்ளைப்பட்டை மரம், அதே சேற்றுத்தடம். தார்ப்பாயைக் கட்டி மழைத்தண்ணீர் பிடிக்கலாமே என்றேன். "ஓடைய பக்கத்துல வச்சுக்கிட்டு தார்ப்பாய்ல பிடிக்கணுமா? கிறுக்கா உனக்கு?" ஒரு வேலையை ஒரு விதமாகச் செய்துவிட்டான் என்றால் சாகும்வரை அப்படித்தான்.

நவம்பர் 11
இந்தத் தேசியப் பூங்காவின் வாசலில் கொடுத்த தாளை, பொழுது போகாமல் டாம்சின் உரக்கப் படித்தாள். முதலை உள்ள கரையில் ஒரே இடத்துக்கு, ஒரே நேரத்தில் திரும்பத் திரும்பப் போகக்கூடாது. அது கவனித்துக் காத்திருக்கும்.

இந்த நோட்டைப் பின்னால் புரட்டினேன். ஆறு மணி. ஆறு மணி. ஐயோ, நானே எழுதி வைத்திருக்கிறேனே!

"நாளைக்கு நீ போகக் கூடாது."

"நாலு நாளா போறேன், ஒரு பல்லியக்கூடப் பாக்கல."

"அது உன்னப் பாத்திருக்கும்ப்பா" என்றாள் டாம்சின்.

நவம்பர் 12
அவன் பூட்ஸைக் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். கத்தினான். கல்யாணமான நாளிலிருந்து நான் திருப்பிக் கத்தியது இன்றைக்குத்தான். "வெறுங்காலோட போ! நீ செத்தேன்னா நான்தான் ஒத்தையா மாடு கறக்கணும்!"

என் வாயை அடைக்கத்தான் வாளியில் கயிறு கட்டினான். மேட்டில் நின்றபடியே வீசினான். வாளி தண்ணீரைத் தொட்டது, அவ்வளவுதான் — தண்ணீர் வெடித்தது, கயிறு அவன் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போனது. அப்படியே உட்கார்ந்துவிட்டான். நானும் டாம்சினும் ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுத்துவந்தோம்.

நவம்பர் 13
தார்ப்பாய்த் தண்ணீர். மூவரும் காருக்குள்ளேயே.

நவம்பர் 15
நேற்று போன் வராததால் கெல்வின் போலீசுக்குச் சொல்லியிருக்கிறான். ஹெலிகாப்டர் வந்தது. கூட வந்த பூங்காக்காரி பெவனின் கையைப் பார்த்தாள். "தெனமும் எத்தன மணிக்குப் போவீங்க?" என்று மட்டும் கேட்டாள். டாம்சின்தான் பதில் சொன்னாள்.

நவம்பர் 30
மாடுகள் வழக்கம்போலக் கொட்டகை வாசலில் வந்து கத்துகின்றன. பெவன் கண்ணைத் திறந்துகொண்டே படுக்கையில் கிடக்கிறான். நானும் டாம்சினும்தான் கறக்கிறோம். இன்று முடித்துவிட்டு உள்ளே வந்தபோது, சுவரைப் பார்த்தபடி கேட்டான்: "மாட்டையெல்லாம் வித்துறலாமா, க்ளெனிஸ்?"

இந்த வார்த்தைக்காகப் பத்தொன்பது வருடம் காத்திருந்தேன். நானே எத்தனை தடவை கேட்டிருக்கிறேன், எத்தனை தடவை அவன் சிரித்திருக்கிறான். சரி என்று சொல்லித் தொலைத்திருக்கலாமே? பயந்துபோய்க் கிடக்கிற மனுஷனிடம் சொல்ல வாய் வரவில்லை.

"மொதல்ல எந்திரிச்சு டீயக் குடி" என்றேன். எழுந்திருக்கவில்லை. சாயங்காலக் கறவைக்கு இன்னும் ஏழு மணி நேரம் இருக்கிறது.