தனியாக முன்னேறியவர்

மங்காஃப், குவைத்
12.9.2004

அன்புள்ள தம்பி வைரவனுக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? டெக்சாஸ் சட்டசபைத் தேர்தலில் நிற்பதாக நீ எழுதியதைப் படித்ததும் ரூமில் எல்லோருக்கும் கேசரி கிண்டிக் கொடுத்தேன். கூட இருக்கும் ஜுபைதா, கம்ப்யூட்டர் கடையில் உன் தேர்தல் பக்கத்தைத் திறந்து காட்டினாள். கோட்டு போட்டு நிற்கிறாய். நெற்றி அப்பாவுக்கு மாதிரியே ஏறிவிட்டது.

சிறு வயதில் பெற்றோரை இழந்து, யார் உதவியும் இல்லாமல் தனியாக முன்னேறியவர் என்று அதில் இருக்கிறதாம். “ஏன்க்கா, அப்ப நீங்க யாரு?” என்று கேட்டாள். எழுதிக் கொடுத்தவனுக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். திருத்தச் சொல். அரபி வீட்டில் பாத்திரம் தேய்த்து உன்னைப் படிக்க வைத்ததையெல்லாம் எழுத வேண்டாம். ஒரு அக்கா இருக்கிறாள் என்று இருந்தால் போதும்.

நீ பதவியேற்பதை நேரில் பார்க்க ஆசையாக இருக்கிறது.

உன் அக்கா
வடிவு


டெக்சாஸ்
3.10.2004

அன்புள்ள அக்காவுக்கு,

அதை எழுதியது நான்தான். கோபப்படாதே. உழைக்கிறவனை அரசாங்கம் தூக்கிவிட வேண்டாம், வழியை விட்டால் போதும் என்பது எங்கள் கட்சிக் கொள்கை. அதை மனதார நம்புகிறேன். முன்பு பள்ளி வாரியத் தேர்தலில் நின்றபோதும் என்னை ஜெயிக்க வைத்தது இந்தக் கதைதான். சர்ச் வாசலில் கைகுலுக்குகிறவர்கள்கூட அதைத்தான் சொல்லிப் பாராட்டுகிறார்கள்.

இராக்கில் சண்டை நடக்கிற நேரம். அரபு நாட்டுப் பணத்தில் படித்தவன் என்று எதிராளி ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் போச்சு. தேர்தல் முடியட்டும், நானே உன்னைக் கூப்பிடுகிறேன்.

அன்புடன்
வைரவன்


மங்காஃப்
6.2.2005

தம்பிக்கு,

ஜெயித்துவிட்டாய், சந்தோஷம். கூப்பிடுவாய் என்று புதுச் செருப்பு வாங்கி வைத்திருந்தேன்.

சபையில் நீ பேசிய முதல் பேச்சை ஜுபைதா வாசித்தாள். ஏழைப் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்கு அரசாங்கம் கொடுப்பதைக் குறைக்கச் சொல்லி, ‘எனக்கு ஒருத்தரும் ஒன்றும் தரவில்லை’ என்றாயாம். “வேணாங்க்கா, மேல படிக்கல” என்று பாதியில் எழுந்துவிட்டாள்.

தொண்ணூறில் குவைத்தில் சண்டை வந்தபோது எல்லோரும் ஜோர்டான் வழியாக ஊருக்கு ஓடி வந்தோம். திரும்பிப் போகக்கூடாது என்றார்கள் எனக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார். உன் படிப்பு முடியவில்லையே என்று நான் போனேன். அந்தக் கல்யாணம் அதோடு நின்றது. உன்னிடம் இதைச் சொன்னதில்லை. ‘ஒருத்தரும்’ என்று நீ பேசியதைக் கேட்ட பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முட்டி தேய்ந்துவிட்டது. விசா கொடுத்த கபீல் என்னை வேலையிலிருந்து அனுப்புகிறார். அடுத்த வாரம் ஊருக்குப் போகிறேன். யாராவது கேட்டால் எனக்குத் தம்பி கிடையாது என்று சொல்லிக்கொள்கிறேன். உனக்குச் சிரமம் வராது.

வடிவு


டெக்சாஸ்
14.6.2005

அன்புள்ள அக்கா,

ஊர் முகவரிக்கு நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. கல்யாணம் நின்றது எனக்குத் தெரியாது. மேடையில் அந்த வரி வரும்போது இப்போதெல்லாம் தண்ணீர் கிளாஸை எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

ஆகஸ்டில் சென்னைக்கு வருகிறேன். உன் காலைப் பிடித்து அழ வேண்டும். பகலில் ஊருக்கு வந்தால் கூட்டம் கூடும், போட்டோ எடுப்பார்கள். விடிவதற்குள் வந்து போய்விடுகிறேன். கதவை மட்டும் திறந்து வை.

உன் தம்பி
வைரவன்