மழையில்லாத நாளின் தலைவலி

மட்டாஞ்சேரி,
ஜனவரி 18.

அன்புள்ள ஸாதனா அப்பாவுக்கு,

அமுதவள்ளி எழுதுவது. இங்கே நானும் ஸாதனாவும் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? நேரே கேட்டால் ஒன்றுமில்லை என்பீர்கள். அதனால் உங்களை நாலடி நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு எனக்குத் தகவல் சொல்லும்படி ஷாஜியிடம் சொல்லியிருக்கிறேன். பக்கத்து வீட்டு ஷாஜி லீவு முடிந்து நாளை மஸ்கட் திரும்புகிறார். அவர் பெட்டியில் நேந்திரங்காய் சிப்ஸ், சுக்குப் பொடி, இந்தக் கடிதம் மூன்றும் வருகின்றன. சிப்ஸ் குறைந்திருந்தால் அவரைக் கேளுங்கள். கடிதத்தில் அவர் கை வைக்க முடியாது, அவருக்குத் தமிழ் தெரியாது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒன்று சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் ஒன்று சொல்ல, கையிலிருக்கும் சாயா ஆறுவதற்குள் சண்டையும் முடிந்து லைனும் போய்விடுகிறது. கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது. அதோடு, கொச்சியிலேயே பிறந்து மலையாளப் பள்ளியில் படித்த நீங்கள் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்க வேண்டும். ஒரு வரிக்கு ஒரு நிமிஷம் ஆகும். கோபப்பட நேரம் கிடைக்காது. கல்யாணமாகிப் பதினேழு வருஷம் கழித்துத்தான் எனக்கு இந்த வழி தெரிந்திருக்கிறது.

முதலில் என் தலையின் செய்தி. மழைக்கு முந்தின நாளே வலது நெற்றிப்பொட்டில் தொடங்கும் அந்த வலி உங்களுக்குத் தெரியாததல்ல. மேகம் கறுக்கக் கறுக்க வலி ஏறும், வலி ஏற ஏற என் வாயும் நீளும். மழை விழுந்ததும் இரண்டும் அடங்கிவிடும். நான் பாட்டுப் பாடிக்கொண்டு பாத்திரம் கழுவுவேன், நீங்கள் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பீர்கள்.

நீங்கள் போன பிறகு, நாம் துணி துவைக்கும் டோபிகானாவில் இந்தத் தலைக்கு மதிப்பு கூடிவிட்டது. கஞ்சி போட்டுக் காயவைத்த விரிப்பு நனைந்தால் முதலிலிருந்து துவைக்க வேண்டும். போனில் காட்டுகிற மழை எர்ணாகுளத்தில் பெய்துவிட்டுப் போய்விடுகிறது. என் தலை மட்டாஞ்சேரிக்கென்றே வலிக்கிறது. காலையில் நான் உள்ளே நுழையும்போதே பக்கத்துக் கல்லில் துவைக்கும் முப்பிடாதி அக்கா, "வள்ளி, இன்னைக்கு தல உண்டா?" என்று கேட்கிறார். உண்டு என்றால் யாரும் கஞ்சி கரைப்பதில்லை. இல்லை என்றால் கயிறு முழுக்க வெள்ளை. இஸ்திரி போடும் ஒச்சப்பன் அண்ணன், "நம்ம வள்ளி தல பறஞ்சா பறஞ்சதுதான்" என்று விரிப்பு கொடுத்தனுப்பும் ஹோம்ஸ்டேக்காரர்களிடம் பெருமை அடிக்கிறார்.

பெருமை அவர்களுக்கு, வலி எனக்கு. அக்டோபர் மழையில் இரண்டு நாள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டேன். ஸாதனாதான் இழுத்துக்கொண்டு போய் சுமா டாக்டரிடம் காட்டினாள். டாக்டர் மாத்திரை கொடுத்து, ஒரு நோட்டும் போடச் சொன்னார். தேதி, வானம், தூக்கம், சாப்பாடு, வலி, கடைசியாக மனசு. மனசை நானே எழுதினால் பொய் எழுதுவேனாம், வீட்டில் இன்னொருவர் எழுத வேண்டுமாம். அந்தப் பத்தியை ஸாதனா மலையாளத்தில் எழுதுகிறாள். பஸ் போர்டு படிக்கிற அளவுக்குத்தான் எனக்கு மலையாள எழுத்து தெரியும் என்று அவளுக்குத் தெரியும். எழுதும்போது சிரிக்கிறாள். நல்லதாக எதுவும் இருக்காது.

போன திங்கட்கிழமை என் மானம் கப்பலேறிவிட்டது. காலையில் எழுந்தபோதே நெற்றிப்பொட்டு தெறித்தது. முப்பிடாதி அக்கா கேட்டார், உண்டு என்றேன். ஜனவரி மாதம் மழையா என்று ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவு நம்பிக்கை. கயிற்றில் கிடந்த இருநூறு விரிப்பையும் அவிழ்த்து, ஈரத்தோடு உள்ளே அடுக்கினார்கள். அன்றைக்கு அடித்த வெயிலில் அப்பளம் பொரிக்கலாம். ஒரு மேகம் கூட வரவில்லை. ஈரத்தில் கிடந்த விரிப்பெல்லாம் வாடை அடித்து, மறுநாள் எல்லோரும் திரும்பத் துவைத்தார்கள். என் தலை மட்டும் சாயங்காலம் வரை விடவில்லை. மூன்று நாளாக ஒச்சப்பன் அண்ணன் என்னைக் கண்டால் குடையை விரித்துப் பிடிக்கிறார்.

அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, போனில் நீங்கள் கேட்ட விஷயம். கம்பெனி இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்து கேட்கிறது, பிப்ரவரி முடிவதற்குள் சொல்ல வேண்டும், போடட்டுமா என்று கேட்டீர்கள். உங்கள் இஷ்டம் என்றேன். இப்போதும் அதேதான். வீட்டுக்குக் கான்கிரீட் போட்டாயிற்று, அதற்காகத்தான் போனீர்கள். மேற்கொண்டு உங்களுக்குத் தோன்றுவதைச் செய்யுங்கள்.

உங்கள் துவைகல்லைத் தரச் சொல்லி இரண்டு பேர் கேட்டார்கள். வாளி வைக்க இடம் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஒரு வாளியைக் கவிழ்த்தும் வைத்திருக்கிறேன். காயப்போடும் கயிறு தளர்ந்து, முறுக்குக்குள் செருகிய விரிப்பு நழுவுகிறது. புதுக்கயிறு முறுக்க இரண்டு முனையிலும் ஆள் வேண்டும். மறுமுனையை ஸாதனா பிடித்தால் சிரித்துக்கொண்டே விட்டுவிடுகிறாள். ஒச்சப்பன் அண்ணன் வருகிறேன் என்றார். அவர் கை வேகம், என் கைக்கு ஒத்துவராது. இருக்கட்டும், பழையதே ஓடும்.

வெயிலில் அலையாதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
அமுதவள்ளி.


மட்டாஞ்சேரி,
பிப்ரவரி 8.

அன்புள்ள ஸாதனா அப்பாவுக்கு,

கடிதத்தை இரண்டு நாள் படித்தேன் என்று போனில் சொன்னீர்கள். சிரித்தேன் என்றும் சொன்னீர்கள். எந்த இடத்தில் என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. இந்தக் கடிதத்தை ஸாதனா படம் எடுத்துப் போனில் அனுப்புவாள். அவளுக்குத் தமிழ் எழுத்து பாதிதான் தெரியும் என்ற தைரியத்தில் அவள் கையிலேயே கொடுக்கிறேன்.

வெள்ளிக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு சுமா டாக்டரிடம் போனேன். நாலு மாதத்தில் பதினோரு தடவை வலி. எட்டு தடவை மழை. காற்றின் அழுத்தம் இறங்கும்போது சிலருக்கு இப்படி வருமாம், எல்லோருக்கும் வராதாம், என் தலை அந்த ரகமாம். இரண்டு தடவை நான் சாப்பிடாமல் வெயிலில் நின்ற நாள். மீதி ஒன்று அந்தத் திங்கட்கிழமை. டாக்டர் அந்த நாளில் போய் நின்றார். வானம் தெளிவு, பிறகு ஏன் வலி என்றார். தெரியவில்லை, அன்றைக்குத் தலை பொய் சொல்லிவிட்டது என்றேன்.

அவர் நோட்டைத் திருப்பி ஸாதனா எழுதியதைப் பார்த்தார். பிறகு எனக்காகச் சத்தமாகப் படித்தார். முதல் பக்கங்களில் நான் எத்தனை தடவை கத்தினேன் என்று கணக்கு, எந்தத் தட்டு உடைந்தது என்று விவரம். நர்ஸ்கள் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு வந்ததும் டாக்டரின் குரல் மெதுவாகிவிட்டது. "அப்பா போன் செய்தார். அம்மா உங்கள் இஷ்டம் என்று சொன்னாள். சோற்றைப் போட்டு வைத்துவிட்டுச் சாப்பிடவில்லை. அப்பாவின் சட்டையை, அழுக்கில்லாததை, எடுத்துத் துவைத்தாள். நான் தூங்குவது போல் படுத்திருந்தேன். அம்மா தூங்கவே இல்லை."

பதினைந்து வயதுப் பெண், தன் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் இதை எழுதி வைத்திருக்கிறது. டாக்டர் நோட்டை மூடினார். "எல்லாப் பழியையும் மழை மேல போடண்டா, அமுதவள்ளி" என்றார். மாத்திரையை வலி தொடங்கும்போதே போடச் சொன்னார், வேளைக்குச் சாப்பிடச் சொன்னார். அந்தத் திங்கட்கிழமைக்கு மட்டும் தன்னிடம் மருந்து இல்லை என்றார். பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இருநூறு விரிப்பு, ஒன்பது குடும்பம், ஒரு நாள் உழைப்பு, எல்லாம் உங்களால். நானே ஊரைக் கூட்டி அவிழ்க்க வைத்திருக்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், நீங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள், போய்த் தொலையுங்கள், வீடு கொஞ்ச நாள் நிம்மதியாக இருக்கும் என்று சொன்னேன். அன்றைக்கு மேகம் கூடியிருந்தது, தலை வெடித்தது, நீங்கள் விமானம் ஏறிய பிறகுதான் மழை கொட்டியது. மழை மேல் பழி போட்டுத் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நினைக்காதீர்கள். தலையை வலிக்க வைத்தது மழை. வாய் என்னுடையது. அதை நீங்கள் இன்னும் நெஞ்சில் வைத்திருப்பதால்தான் ஒவ்வொன்றுக்கும் என்னைக் கேட்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் வீம்புக்கு உங்கள் இஷ்டம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என் இஷ்டத்தை இப்போது எழுதுகிறேன், எழுத்துக் கூட்டிப் படியுங்கள். கையெழுத்துப் போட வேண்டாம். திரும்பி வாருங்கள். இங்கே ஹோம்ஸ்டேக்கள் கூடிவிட்டன, வருகிற விரிப்பை ஒரு கல்லில் என்னால் துவைத்துத் தீர்க்க முடியவில்லை. அதற்காகவும் கூப்பிடுகிறேன். அதற்காக மட்டும் கூப்பிடவில்லை. நீங்கள் இல்லாமல் வீடு நிம்மதியாக இல்லை. சண்டை போட ஆளில்லாத வீட்டில் என்ன நிம்மதி?

இதைப் படித்துவிட்டு உடனே போன் செய்யாதீர்கள். நான் ஏதாவது ஏடாகூடமாகப் பேசிவிடுவேன். ஒரு நாள் பொறுத்துச் சொல்லுங்கள். மாரியம்மன் உங்களுக்கு நல்ல வழி காட்டட்டும்.

உங்கள்,
அமுதவள்ளி.


மட்டாஞ்சேரி,
மார்ச் 27.

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

டிக்கெட் எடுத்த செய்தி சொல்லும்போது, வருவதற்குள் இன்னொரு கடிதம் போடு என்றீர்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பதில் ருசி கண்டுவிட்டீர்கள். இதையும் ஸாதனாதான் படம் எடுத்து அனுப்புகிறாள். அவள் நேற்று என்னிடம் தமிழ் எழுத்து மீதியையும் கற்றுக்கொடு என்றாள். ஏன் என்று எனக்கா தெரியாது? முடியாது என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் சொன்னது புதன்கிழமை ராத்திரி. வியாழக்கிழமை காலையில் எழுந்தால் நெற்றிப்பொட்டில் அதே தெறிப்பு. டாக்டர் சொன்னபடி மாத்திரையைப் போட்டு, இரண்டு இட்லி அதிகமாகச் சாப்பிட்டு, டோபிகானாவுக்குப் போனேன். முப்பிடாதி அக்கா வழக்கம்போலக் கேட்டார், தல உண்டா என்று. இரண்டு மாதமாகப் பட்ட அவமானத்துக்குப் பதில் சொல்ல வேளை வந்துவிட்டதென்று நினைத்தேன். உண்டு, ஆனால் இது மழைத் தலைவலி இல்லை, ஸாதனா அப்பா ஏப்ரல் பதினொன்றாம் தேதி வருகிறார், விஷுவுக்கு வீட்டில் இருப்பார், சந்தோஷத்தில் நான் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, அந்த வலி இது, எல்லோரும் தைரியமாகக் கஞ்சி போடுங்கள் என்றேன். முப்பிடாதி அக்கா என்னைக் கட்டிக்கொண்டார். ஒச்சப்பன் அண்ணன் எல்லோருக்கும் சாயா வாங்கித் தந்தார். கயிறு கயிறாக வெள்ளை ஏறியது.

மூன்று மணிக்கு இந்த வருஷத்தின் முதல் மழை பெய்தது. துறைமுகப் பக்கமிருந்து காற்று வந்ததுதான் தெரியும், ஓடிப்போய்க் கயிற்றைப் பிடிப்பதற்குள் முடிந்துவிட்டது. கஞ்சியெல்லாம் கரைந்து காலடியில் பாலாக ஓடியது. எல்லோரும் என்னைத் திட்டினார்கள், மலையாளத்தில் கொஞ்சம், தமிழில் நிறைய. நான் நடுவில் நனைந்துகொண்டு நின்று சிரித்தேன். முப்பிடாதி அக்கா ஒரு விரிப்பை என் தலையில் போட்டுவிட்டுத் தானும் சிரிக்கத் தொடங்கினார். பிறகு ஒருவரும் திட்டவில்லை. தலைவலி எந்த நிமிஷத்தில் போனது என்று நான் கவனிக்கவில்லை.

அன்றைக்கு ஸாதனா நோட்டில் எழுதியதை அவளையே படிக்கச் சொன்னேன். வானம்: மழை. வலி: காலையில் மட்டும். மனசு என்ற இடத்தில், அம்மா நனைந்த துணியோடு வீட்டுக்குள் பாடிக்கொண்டே வந்தாள், தாளம் தப்பு என்று எழுதியிருக்கிறாள்.

ஊரார் தீர்ப்பு ஒன்று இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். அந்தத் திங்கட்கிழமை அவிழ்த்ததற்கும், இந்த வியாழக்கிழமை நனைந்ததற்கும் காரணம் நீங்கள்தானாம். வந்த மறுநாளே எல்லோருக்கும் ஒரு நாள் துவைத்துத் தர வேண்டுமாம். சரி என்று உங்களுக்காக நானே ஒப்புக்கொண்டுவிட்டேன். உங்கள் கல்லின் மேலிருந்த வாளியை நேற்றே எடுத்துவிட்டேன். பாசி பிடித்திருந்தது, உப்புப் போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன்.

ஜூனில் பெருமழை தொடங்கும்போது என் தலை மறுபடி வலிக்கும், வாய் மறுபடி நீளும். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நீங்கள் மஸ்கட்டை நினைத்துப் பெருமூச்சு விட்டால் எனக்குக் கோபம் வராது. கொஞ்சம் வரும். பொறுத்துக்கொண்டு மழை விழும் வரை பக்கத்தில் இருங்கள், அது போதும்.

பழைய கயிற்றை அவிழ்த்து அடுப்புக்குப் போட்டாயிற்று. எர்ணாகுளம் பிராட்வே கடைத்தெருவில் புதுக்கயிறு வாங்கி வந்து கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டிருக்கிறேன். ஒரு முனையை நான் பிடித்துக்கொள்கிறேன். பத்திரமாக வந்து சேருங்கள்.

உங்கள்,
வள்ளி.