வீட்டு விஷயத்தை வைத்து ஐந்து வாக்கியம்

மார்ச் 3

அன்புள்ள வாயாடிக்கு,

உன் விசாவுக்கான ஆங்கிலத் தேர்வுக்கு இன்னும் மூன்று மாதம்தான். இலக்கணப் புத்தகத்தை மூட்டை கட்டி வை. இங்கே நான் வேலை செய்யும் கிடங்கில் எல்லாரும் பேசுவது இரட்டை வார்த்தைகள்தான். வந்த புதிதில் சூப்பர்வைசர் "கேரி ஆன்" என்றார். எதைத் தூக்கச் சொல்கிறார் என்று தேடினேன். வேலையைத் தொடரச் சொன்னாராம்.

ஐந்து வார்த்தைகள் அனுப்பியிருக்கிறேன். வீட்டு விஷயத்தை வைத்தே வாக்கியம் எழுது, பக்கத்தில் தமிழில் பொருளும் எழுது. திருத்தி அனுப்புகிறேன். குழந்தை இங்கேதான் பிறக்க வேண்டும். மாத்திரையை மறக்காதே.

உன் வாத்தியார்

மார்ச் 21

என்னங்க,

கடிதமாக எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. வாக்கியம்தான் வந்தது. ஆங்கிலத்தில் எழுதியது தனித் தாளில் இருக்கிறது, பொருள் இங்கே.

லுக் ஆஃப்டர்: மாடி வீட்டு நர்ஸ் அக்கா என்னைக் கவனித்துக்கொள்கிறார்.
வேக் அப்: செவ்வாய்க்கிழமை வலியோடு விழித்தேன்.
கிவ் அப்: டாக்டர் நம்பிக்கையைக் கைவிட்டார்.
புட் அவே: மூன்று சின்னச் சட்டைகளையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.
கேரி ஆன்: நான் தொடர்ந்து படிக்கிறேன்.

வாயாடி

ஏப்ரல் 6

அன்புள்ள வாயாடிக்கு,

ஐந்துக்கு நாலரை. டாக்டருக்கு முன்னால் 'தி' போட மறந்துவிட்டாய். லாரியில் பெட்டி ஏற்றும் வேலையின் இடைவேளையில், சூப்பர்வைசரின் சிவப்புப் பேனாவை வாங்கித் திருத்தினேன். ஏன் எல்லாமே அழுமூஞ்சி வாக்கியம்? தேர்வில் கலகலப்பாக எழுது. புதுப் பட்டியலில் 'கம் பேக்' சுலபம், அதிலிருந்து ஆரம்பி.

உள்ளே இருக்கும் சின்னவர் உதைக்கிறாரா?

உன் வாத்தியார்

ஏப்ரல் 22

என்னங்க,

திருத்திய தாள் வந்தது. 'தி' போடாதது என் தப்புதான்.

வீட்டு விஷயத்தை வைத்து எழுதச் சொன்னீர்கள். வீட்டில் நடந்ததைத்தான் எழுதினேன். ஐந்தில் ஒன்றுகூடப் பயிற்சிக்காக எழுதியதில்லை. இப்போது உள்ளே யாரும் இல்லை.

ஒரு தடவை அழுதுவிடு என்கிறார் நர்ஸ் அக்கா. வரவில்லை. சமைக்கிறேன், குளிக்கிறேன், துணி மடிக்கிறேன். உங்கள் மேல் கோபம்கூட வரவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. தேர்வுக்குப் பெயர் கொடுக்கவில்லை.

புதுப் பட்டியலில் ஒன்றுக்குத்தான் வாக்கியம் எழுத முடிந்தது.

கம் பேக்: நீங்கள் ஒருமுறை திரும்பி வாருங்கள்.

இதைத் திருத்த வேண்டாம்.

வாயாடி