மாத்தளையிலிருந்து போன எண்ணெய்

மாத்தளை.

அன்பு மகன் றம்ஸிக்கு உம்மா எழுதுறது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்ட காவல்ல நாங்க மூணு பேரும் இருக்கிறோம், அந்தக் குளிருல நீங்களும் சுகமா இருக்கணும் என்டு ஒவ்வொரு தொழுகையிலயும் கேட்கிறேன். போன்ல கேட்டா ஒண்டுமில்ல உம்மா என்டு வச்சிடுறீங்க, அதனாலதான் எழுதுறேன். சுவீடன்ல டீசலோட கட்டாயம் கலக்கணும் என்ட எண்ணெய் அளவை அரசாங்கம் குறைச்சதுல அந்த எண்ணெய் செய்யிற உங்கட பெக்டரி மூடப்போகுது, வேலை போனா விசாவும் போகும் என்டு தங்கச்சி றுஸ்னாக்கு மட்டும் சொல்லியிருக்கீங்க. அவ எனக்கு மறைப்பாளா? நானும் பேப்பரை எழுத்துக்கூட்டி வாசிச்சேன், ஜேர்மனியிலயும் ஒல்லாந்திலயும் கலக்கிற அளவைக் கூட்டுறாங்களாம். ஒரு வீட்டுல அடுப்பு எரியுது, பக்கத்து வீட்டுல அணையுது. அங்க வேலைக்கு எழுதிப் பாருங்க மகன்.

ஆனா மனசு கனக்கிறது வேற விஷயத்துக்கு. டீசலோட கலக்கிறதுக்கு, பொரிச்சு மிஞ்சின எண்ணெய் ஆசியாவில இருந்து மலிவா வந்து இறங்குறதும், புது எண்ணெயில செய்யிற உங்கட பெக்டரிக்கு அடி என்டு றுஸ்னா சொன்னா. நம்மட கடையில ரோல்ஸும் பெட்டிஸும் பொரிச்ச எண்ணெயை நானே வடிச்சு, கேன்ல ஊத்தி, லொறியில வாற ஜிப்ரிக்குக் கொடுத்தேனே. ஐரோப்பாக்குத்தான் போகுது ராத்தா என்டு அவர் சொன்ன நாள்ல இருந்து மூடியை இறுக்கும்போதெல்லாம் பிஸ்மி சொன்னேன், மகன் போற பஸ் இதுல ஓடட்டும் என்டு. ரெண்டு வருஷத்துல முப்பத்தொரு கேன். வாப்பாக்கிட்ட சொன்னா சிரிக்கிறார், உன்ட பெட்டிஸ் எண்ணெயாலயா சுவீடன் கவிழுது என்டு. சிரிச்ச மனுஷன் அன்டைக்கு ராச்சோறு சாப்பிடல்ல.

போன வெள்ளி ஜிப்ரி வந்து ஹோர்ன் அடிச்சார். எண்ணெய் இல்ல என்டு சொல்லிட்டேன், பின்னால நிறைஞ்ச கேன் அவர்ட கண்ணுல பட்டுட்டு. பொய் சொன்ன வெட்கத்துல விஷயத்தைச் சொன்னேன். நீங்க தராட்டி அடுத்த கடை தரும் ராத்தா, கப்பல் உங்களுக்காக நிற்குமா என்டு கேட்டுட்டுப் போயிட்டார். சரிதான். ஆனா என்ட கையால தூக்கிக் கொடுக்க ஏலல்ல, அழுக்குத் தண்ணி போற கான்ல ஊத்தவும் மனசில்ல. தொழ முந்திக் கைகால் கழுவி வுழூ எடுக்கப் போற வழியில அந்தக் கேன் நிற்குது, ஒவ்வொரு வக்துக்கும் சுத்திக்கொண்டுதான் போறேன்.

வேலை போச்சு என்டா முதல்ல உம்மாக்குச் சொல்லணும், றுஸ்னாக்கு இல்ல. சுபஹ் தொழுகையை விடவேணாம், காதை மூடித் தொப்பி போடுங்க. உங்கட சோத்தை எந்த நாட்டுல எழுதியிருந்தாலும் அல்லாஹ் உங்களை அங்க கொண்டு சேர்க்கட்டும், ஆமீன்.

உங்களுக்காகக் கையேந்தி நிற்கிற
உம்மா, உம்மு குல்தூம்